காளையின் விந்தணுவும் அதனை ஒட்டி நிற்கும் புரதங்களும்

பசு பருவத்திற்கு வந்து கத்தும்போது சினை ஊசி போடுபவர் மெல்லிய குழலொன்றில் கொணரும் விந்து, காளையிடமிருந்து எடுத்தவாறே வைக்கப்பட்டதன்று. அக்குழலிலுள்ள கால் மில்லி லிட்டர் திரவத்தில் காளையின் சொந்த விந்து ஒரு சிறு பாகமே. எஞ்சியது சில உப்புக்களும், சர்க்கரையும், கிளிசரினும், பெரும்பாலான நிலையங்களில் கோழிமுட்டையின் மஞ்சட்கருவுமாகும். இச்செய்தியை முதன்முறை கேட்கும் குடியானவர் பலர், பாலில் தண்ணீர் கலப்பதைப் போன்ற காரியமாக இதனை எண்ணி, "மஞ்சட்கருவை ஊற்றிப் பெருக்கினால் சினை எப்படி நிற்கும்?" என்று கேட்பதுண்டு.

இதற்கு நேர் எதிரான குறையும் கிராமாந்தரங்களில் கேட்கப்படுகின்றது. கோயில் காளையையோ, சொந்தப் பொலிகாளையையோ நேரில் சேர்க்கிறார்கள். காளை யாதொரு குறைவுமின்றி ஏறுகிறது. ஆயினும் மூன்று வாரம் கழிந்ததும் பசு மறுபடியும் கத்துகிறது. மஞ்சட்கரு ஒரு துளியும் கலவாத விந்து இங்கே சினை பிடியாமற் போனதேன்?

இவ்விரண்டு வினாக்களுக்கும் விடை ஏறக்குறைய ஒரே இடத்தில் இருக்கின்றது. விரையில் பிறக்கும் விந்தணு பசுவின் சினைமுட்டையைச் சேரும் வரையில், வழிநெடுகிலும் அதன்மேல் பலவகைப் புரதங்கள் வந்து ஒட்டுகின்றன, சில நீங்குகின்றன, சில தம் வேலை முடிந்தபின்னும் நீங்காமல் நின்று தீங்கு செய்கின்றன. புரதம் என்றவுடன் கடலைப் பிண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் நினைவுக்கு வருதல் இயல்பு. இங்கே பேசப்படுவது தீனியிலுள்ள புரதமன்று. காளையின் உடலிலுள்ள சுரப்பிகளும் குழாய்களும் தாமே ஆக்கி விந்துவில் விடும் புரதங்களே இக்கட்டுரையின் பொருள்.

விரையினின்று வெளிப்படும் அணு

காளையின் விரையில் ஒரு விந்தணு உருவாகி முடிவதற்கு 61 நாட்கள் ஆகின்றன. அவ்வாறு முடிந்த அணுவைப் பூதக்கண்ணாடியில் நோக்கினால் தலையும் வாலும் செவ்வனே அமைந்திருக்கும். எனினும் அஃது நீந்திச் செல்லாது. சினைமுட்டைக்கு அருகில் கொண்டுபோய் விட்டாலும் அதனுட் புகாது. அன்றியும், மற்றைய உயிரணுக்களைப் போலத் தனக்கு வேண்டிய புரதங்களைத் தானே ஆக்கிக்கொள்ளும் கருவிகளையும் அது பெரும்பாலும் இழந்து விடுகின்றது. வீட்டை விட்டுப் புறப்பட்டபின் அடுப்பு மூட்ட வழியற்ற யாத்திரிகனைப் போல, வழியிலுள்ள சத்திரங்களில் இடுவதைக் கொண்டே அது பிழைக்க வேண்டும்.

முதற் சத்திரம் விரையை ஒட்டியே இருக்கின்றது. விரையின் மேற்புறத்தில் தொடங்கி, ஓரமாக இறங்கி, அடியில் கைக்குப் புடைப்பாகத் தட்டுப்படும் உறுப்பை விரைமேற்சுருள் என்னலாம். இது பல குழாய்கள் சேர்ந்ததன்று. ஒரே குழாய் நெருங்கச் சுருண்டு கிடக்கின்றது. காளையில் அதைப் பிரித்து நீட்டினால் 30 மீட்டருக்கு மேல் நீளும். தலை, உடல், வால் என மூன்று பகுதிகளாக வகுக்கப்படும் இக்குழாயினூடே விந்தணு கடந்து வர ஏறத்தாழ 10 நாட்கள் செல்லும்.

இவ்வழியில் விந்தணு முதிர்வது நாட்கள் கழிவதனாலேயேயன்றிக் குழாயின் செய்கையால் அன்று என்பது 1931-ஆம் ஆண்டில் யங் என்னும் அமெரிக்கர் கினிப் பன்றிகளில் செய்த ஆராய்ச்சியிலிருந்து கொண்ட முடிவு. காய் பறித்து வைத்தாலும் பழுப்பதுபோல, அணு எங்கே இருந்தாலும் காலம் வந்தால் முதிரும் என்று அக்காலத்தில் கருதப்பட்டது. இக்கருத்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. 1967-ஆம் ஆண்டில் பெட்ஃபோர்டு என்பவரும், ஓர்ஜபின்-கிறிஸ்ட் என்னும் அம்மையாரும் தனித்தனியே முயல்களில் அக்குழாயைக் கட்டிப் பார்த்தனர். தலைப்பகுதியில் தடுத்து நிறுத்தப்பட்ட அணுக்கள் எத்தனை நாள் அங்கிருந்தாலும் கருத்தரிக்கச் செய்யும் திறனைப் பெறவில்லை. ஆகவே காலம் மாத்திரம் போதாது. குழாயின் கீழ்ப்பகுதிகள் கொடுப்பது ஏதோ ஒன்று வேண்டும் என்பது உறுதியாயிற்று.

அவை கொடுப்பவற்றுள் முக்கியமானவை புரதங்கள். குழாயின் உட்சுவர் சில புரதங்களை நேரே திரவத்தில் விடுகின்றது. வேறு சிலவற்றைக் கொழுப்புப் படலத்தால் ஆன நுண்ணிய குமிழிகளில் அடைத்து அனுப்புகின்றது. அக்குமிழிகள் விந்தணுவைத் தொட்டுத் தாம் சுமந்துவந்த புரதத்தை அதன் மேற்படலத்தில் பதித்து விடுகின்றன. கனடா தேசத்துக் கியூபெக் நகரில் சல்லிவன் என்பவரும் அவர் கூட்டத்தாரும் இதனைக் காளைகளிலேயே விரிவாக ஆராய்ந்துள்ளனர். பி25பி என்று பெயரிட்ட ஒரு புரதம், சினை பிடிக்கச் செய்யும் திறன் குறைந்த சில காளைகளின் விந்தணுக்களில் மிகவும் குறைவாக இருப்பதை அவர்கள் 1999-இல் வெளியிட்டனர். அக்காளைகளின் விந்து சாதாரணப் பரிசோதனையில் தேறியதே என்பது கவனிக்கத்தக்கது.

வழியில் இறந்துபோகும் அணுக்களுக்கும் அக்குழாயில் ஓர் ஏற்பாடு உண்டு. இறந்த அணுவின்மீது மட்டும் சென்று படியும் ஒரு புரதத்தை மேற்சொன்ன கூட்டத்தாரே கண்டுள்ளனர். நெற்களத்தில் பதரைப் பிரித்து ஒதுக்குவது போன்றது இஃது என்று சொல்லலாம்.

வால்பகுதியை அடைந்த அணுக்கள் அங்கே அசைவற்று அடங்கிப் பல நாட்கள் உயிரோடிருக்கும். அதனாலேயே, திடீரென்று இறந்த உயர்ந்த காளையின் வால்பகுதியினின்று விந்தணுக்களைச் சேகரித்துச் சினை பிடிக்கச் செய்தலும் இயலுகின்றது.

கோடை வெப்பமும் ஆடி மாதத்துப் பழியும்

இவ்வுறுப்புக்கள் ஒழுங்காக வேலை செய்வதற்குக் குளிர்ச்சி வேண்டும். மாட்டின் உடல் வெப்பம் ஏறக்குறைய 38.5 டிகிரி சென்டிகிரேடு. விரைப்பையினுள் அதைக் காட்டிலும் 2 முதல் 6 டிகிரி வரை குறைந்திருத்தல் இயற்கை. விரைப்பை உடலுக்கு வெளியே தொங்குவதும், வெயிலில் தளர்ந்து குளிரில் சுருங்குவதும் இதன்பொருட்டே. முயல், எலி முதலியவற்றில் வால்பகுதியை வயிற்றின் வெப்பத்தில் இருக்கும்படி மாற்றியபோது, விந்தணுக்களைச் சேமித்து வைக்கும் அதன் திறன் குறைந்து போயிற்று.

1990-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவிலுள்ள வர்ஜீனியாவில் காளைகளின் விரைப்பையை வெப்பம் வெளியேறாத உறையினால் 48 மணி நேரம் மூடி வைத்து, பின்னர் உறையை நீக்கி, விந்துவைத் தொடர்ந்து சோதித்தனர். முதல் சில நாட்களில் எடுத்த விந்துவில் புதிதாகப் பார்க்கையில் குறை ஒன்றும் தென்படவில்லை. ஆனால் அவ்விந்துவை உறையவைத்து மீண்டும் உருக்கியபோது அது முன்போல் நிலைத்து நிற்கவில்லை. அவை வெப்பம் பட்டபொழுது விரையில் இருந்த அணுக்களல்ல, விரைமேற்சுருளில் இருந்தவை. விரையில் உருவாகிக்கொண்டிருந்த அணுக்கள் வெளிவந்தபோது, அதாவது இரண்டாம் வாரத்திற்குப் பிறகு, தலை சிதைந்தும் வால் கோணியும் உள்ள அணுக்கள் மிகுந்து, அசைவு குன்றியது. இரண்டே நாள் வெப்பத்திற்கு இத்தனை வாரக் கேடு.

இதை இந்நாட்டுப் பருவத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும். கத்திரி வெயில் வைகாசி நடுவில் முடிகின்றது. அதன் கடைசி நாளில் விரையில் தொடங்கிய ஓர் அணு வெளிவருவதற்கு 61 நாட்களும், சுருளைக் கடக்க ஏறத்தாழ 10 நாட்களும் ஆகக் கூடிச் சுமார் 71 நாட்கள் ஆகும். எண்ணிப் பார்த்தால் ஆடிக் கடைசி வந்துவிடும். மழை பெய்து, புல் முளைத்து, காளை கொழுத்து, ஏறுவதற்கும் ஆவலாய் நிற்கும் மாதத்திலேதான் அதன் விந்து கோடையின் கேட்டைச் சுமந்து வருகின்றது. பொலிகாளை வைத்திருப்பவர் சித்திரையையும் வைகாசியையும் மறந்து விடுகிறார். ஆனியிலும் ஆடியிலும் ஊரார் ஒருவர்பின் ஒருவராக வந்து, சினை நிற்கவில்லை என்று முறையிடுகின்றனர். காளை மலடாகிவிட்டது என்ற பேச்சு எழுகின்றது. நல்ல காளையொன்று அடிமாட்டு விலைக்குச் சந்தைக்குப் போய்விடுகின்றது. காங்கேயம் போன்ற உள்நாட்டு இனங்களில் தேர்ந்த பொலிகாளைகள் அருகிவரும் இக்காலத்தில் இவ்விதம் ஒன்றை இழப்பது அவ்வூருக்குப் பல ஆண்டு நஷ்டம்.

கோமாரி முதலிய நோய்களால் உண்டாகும் கடுங்காய்ச்சலும் இதே விளைவைத் தரும். காய்ச்சல் கண்ட நாளைக் குறித்து வைத்துக்கொண்டு, அதினின்று இரண்டரை மாதம் சென்ற பின்னரே அக்காளையின் தகுதியைத் தீர்மானித்தல் முறை.

கோடையில் பொலிகாளைக்கு நிழலும், வேண்டும்போதெல்லாம் குடிக்கத் தண்ணீரும் அவசியம். உச்சிப் பொழுதில் தகரக் கூரையின் கீழ்க் கட்டுவது வெயிலில் கட்டுவதினும் பெரிதும் மேலானதன்று. கீற்றுக் கொட்டகையோ, வேம்பு, புங்கம் முதலியவற்றின் நிழலோ சிறந்தது. காலையிலும் மாலையிலும் உடம்பை நனைத்து விடலாம். எருமைக்கடாவானால் குளத்தில் கிடக்க விடுதல் வேண்டும்.

விந்துவில் புரதம் உண்டு என்று கேள்வியுற்ற சிலர் காளைக்கு முட்டையும் பிண்ணாக்கும் அளவின்றி ஊட்டத் தொடங்குகின்றனர். அளவான தீனி வேண்டியதே. பட்டினி கிடக்கும் காளையிடத்தில் எதுவும் சுரவாது. ஆனால் மிதமிஞ்சிய தீனியால் விரைப்பையின் கழுத்திலே கொழுப்புத் திரண்டு, வெப்பம் வெளியேறுவது தடைப்படும். மிக்க சத்துள்ள தீனி ஊட்டிய இளங்காளைகளின் விரைப்பை வெப்பம் ஏறுவதையும், விந்தணுக்கள் குறைவதையும் கனடாவில் 1997-இல் கண்டனர். கண்காட்சிக்குப் பளபளப்பாகக் கொழுக்க வைத்த காளை பொலிவுக்குச் சிறந்ததென்று கொள்வது தவறு.

ஒரு நொடியில் போர்த்தப்படும் போர்வை

காளை ஏறும் கணத்தில் வால்பகுதியிலிருந்த அணுக்கள் புறப்பட்டு, விந்துப்பை எனப்படும் சுரப்பியும், பிராஸ்டேட் சுரப்பியும், கௌப்பர் சுரப்பியும் விடும் நீர்களோடு கலக்கின்றன. விந்துப்பை என்னும் பெயரைக் கொண்டு அதில் விந்தணு சேர்ந்திருப்பதாக எண்ணலாகாது, அது சுரப்பியேயாம். விந்துவில் அணுக்கள் நீங்கலாக உள்ள நீரில் பெரும்பகுதி அங்கிருந்தே வருகின்றது.

காளையின் விந்துநீரிலுள்ள புரதங்களில் ஏறக்குறையப் பாதியோ, அதற்கு மேலோ, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று புரதங்களாகும். ஆராய்ச்சியாளர் அவற்றை பி.எஸ்.பி. 1, 3, 5 என்று எண்ணிட்டு அழைக்கின்றனர். எருமைக்கடாவிலும் இவ்வினத்துப் புரதம் உண்டு. விந்தணுவின் மேற்படலம் கொழுப்புப் பொருள்களால் ஆனது. அவற்றுள் கோலின் என்னும் பொருளைத் தாங்கிய கொழுப்பை இப்புரதங்கள் தேடிப் பிடித்து ஒட்டுகின்றன. விந்து வெளிப்படும் அக்கணத்திலேயே ஒவ்வோர் அணுவும் இப்போர்வையைப் போர்த்துக்கொள்கின்றது.

இப்போர்வையால் பயன் யாது? முதலாவது, அது மேற்படலத்திலுள்ள கொழுப்புக்கள் இடம் பெயராமல் பிடித்து நிறுத்தி, அணு காலத்திற்கு முன்னரே கிளர்ச்சி கொள்ளாமல் அடக்குகின்றது. விந்தணு பெண்ணின் உறுப்பில் சில மணி நேரம் தங்கிய பின்னரே முட்டையினுட் புகும் ஆற்றலைப் பெறும் என்பதை 1951-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சாங் என்பவரும் ஆஸ்திரேலியாவில் ஆஸ்டின் என்பவரும் தனித்தனியே வெளியிட்டனர். 1957-இல் சாங் மேலும் ஒரு வியப்பைக் கண்டார். அவ்வாறு ஆற்றல் பெற்ற முயலின் விந்தணுக்களோடு விந்துநீரைச் சேர்த்தவுடன் அவை அவ்வாற்றலை இழந்தன. மறுபடியும் பெண் முயலின் உறுப்பில் வைத்தபோது அதனைத் திரும்பப் பெற்றன. விந்துநீரில் அடக்கி வைக்கும் பொருள் உண்டு என்பதற்கு இது முதல் சான்று.

இரண்டாவது பயன் பசுவின் கருக்குழாயில் வெளிப்படுகின்றது. கருப்பையைக் கடந்து சென்ற விந்தணுக்கள் கருக்குழாயின் அடிப்பகுதியில் உட்சுவரைப் பற்றிக்கொண்டு காத்திருக்கும். சுவரைப் பற்றிய அணு நெடுநேரம் உயிரோடிருக்கும். பற்றாதது விரைவில் மாயும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சுவாரஸ் அம்மையாரும் அவருடைய மாணவர்களும் 2003-இல் வெளியிட்ட சோதனையில், விரைமேற்சுருளிலிருந்து நேரே எடுத்த அணுக்கள் கருக்குழாய்ச் சுவரில் மிகச் சிலவே பற்றின. பி.எஸ்.பி. 1 புரதத்தைச் சேர்த்த பின்னர் ஏராளமாகப் பற்றின. சுவரைப் பிடிக்கும் கை இப்புரதமேயாம்.

பின்பு முட்டை வெளிப்படும் சமயம் நெருங்கும்போது, கருக்குழாயின் நீரிலுள்ள பொருள்கள் இப்போர்வையைக் களையத் தொடங்குகின்றன. படலத்திலிருந்து கொலஸ்டிரால் என்னும் கொழுப்பு கொஞ்சங் கொஞ்சமாக வெளியேறும். அணு பிடியை விட்டு, வாலைச் சாட்டைபோல் வீசி மேலே செல்லும். அக்கொலஸ்டிராலை வெளியேற்றுவதிலும் இதே பி.எஸ்.பி. புரதங்களுக்குப் பங்குண்டு. முதலில் பூட்டாக இருப்பதே பின்னர்த் திறவுகோலுமாகின்றது.

குடியானவர் நெடுங்காலமாகக் கேட்டறிந்த ஒரு விதியின் காரணம் இங்கே விளங்கும். காலையில் பருவம் கண்ட பசுவுக்கு மாலையிலும், மாலையில் கண்டதற்கு மறுநாட் காலையிலும் சினை ஊசி போடவேண்டும் என்பது 1940-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் நெப்ராஸ்காவில் நடந்த சோதனைகளால் நிலைபெற்ற முறை. பசுவில் சினைமுட்டை வெளிப்படுவது பருவம் அடங்கிச் சுமார் 10 முதல் 12 மணி நேரம் கழித்தே. அதற்குச் சில மணி நேரம் முன்னதாகவே விந்தணுக்கள் கருக்குழாயை அடைந்து, போர்வை களைந்து, ஆயத்தமாயிருத்தல் வேண்டும். கண்ணாடிபோன்ற வழும்பு ஒழுகுவதைப் பார்த்த மாத்திரத்தில் அவசரப்பட்டு ஊசி போட்டால், உறைந்து உருகிய அணுக்கள் முட்டை வருமுன் ஓய்ந்துவிடும். நாளை பார்க்கலாம் என்று வைத்தால் முட்டை கெட்டபின் அணு போய்ச் சேரும்.

காவலனே பகைவனாதல்

இப்பொழுது மஞ்சட்கருவின் கதைக்கு வரலாம். இயற்கையில் விந்தணு இப்புரதங்களோடு சேர்ந்திருப்பது சிறிது பொழுதே. அணு கருப்பை வாயிலுள்ள வழும்பில் நீந்திச் செல்கையில் விந்துநீர் பின்தங்கி விடுகின்றது. ஒட்டிய அளவு புரதமே கூடப் போகின்றது. ஆனால் விந்துவை எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் அப்படியே வைத்தாலோ, அணுக்கள் அத்தனை புரதத்தினிடையே மணிக்கணக்காகக் கிடக்க நேரிடுகின்றது. மேலும் மேலும் புரதம் ஒட்டி, படலத்தின் கொலஸ்டிராலையும் பிற கொழுப்புக்களையும் உரித்துக்கொண்டே போகும். படலம் நைந்து, குளிரைத் தாங்கும் சக்தியை இழக்கும். காவலன் நெடுநேரம் வீட்டினுள்ளே தங்கினால் களவாடத் தொடங்குவது போலாகும்.

இதை அறியாமலே ஆராய்ச்சியாளர் இதற்கு மாற்றைக் கண்டுவிட்டனர். 1939-இல் அமெரிக்காவில் விஸ்கான்சினில் பிலிப்ஸ் என்பவர் கோழிமுட்டையின் மஞ்சட்கருவைச் சேர்த்தால் காளையின் விந்து குளிரில் பல நாள் உயிரோடிருக்கக் கண்டார். மறு ஆண்டில் அவரும் லார்டி என்பவரும் அம்முறையைச் சீராக வெளியிட்டனர். அதே 1939-ஆம் ஆண்டிலேதான் இந்நாட்டில் மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் சம்பத் குமரன் முதன்முதலாகச் செயற்கை முறையில் பசுக்களைச் சினைப்படுத்தினார். 1943-இல் அலகாபாத்தில் இம்முறையால் முதல் எருமைக் கன்றும் பிறந்தது. 1949-இல் இங்கிலாந்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் ஆகியோர் கிளிசரினைக் கொண்டு விந்தணுவை உறையவைக்கும் வழியைக் கண்டபின் சேமிப்பிற்கு எல்லையே இல்லாமற் போயிற்று.

மஞ்சட்கரு ஏன் காக்கின்றது என்ற கேள்வி மட்டும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் தெளிவுறாதிருந்தது. அதிலுள்ள லெசித்தின் அணுவின்மேல் பூச்சாகப் படிகின்றது என்று பொதுவாகச் சொல்லி வந்தனர். 2002-ஆம் ஆண்டில் கனடாவின் மான்ட்ரியால் நகரில் மஞ்சுநாத் என்பவரும் அவருடன் உழைத்தவர்களும், மஞ்சட்கருவிலுள்ள கொழுப்பும் புரதமும் சேர்ந்த ஒருவகை நுண்துகள்கள் பி.எஸ்.பி. புரதங்களைத் தம்பால் இழுத்துப் பிடித்துக்கொள்வதைக் காட்டினர். மஞ்சட்கருவைச் சேர்த்தவுடன் புரதங்களில் பெரும்பகுதி அணுவை விட்டு மஞ்சட்கருவின் துகள்களைச் சார்கின்றது. அணுவுக்கு வேண்டிய அளவு மட்டும் மிஞ்சுகின்றது. படலம் உரியாமல் நிற்கின்றது.

கொழுப்பு நீக்கிய பாலும் விந்துவைக் காக்கும் என்பது நெடுநாள் வழக்கம். பாலில் மஞ்சட்கருவின் துகள்கள் இல்லையே, அது எவ்வாறு காக்கின்றது என்பது அடுத்த ஐயமாயிற்று. அதே கூட்டத்தார் 2007-இல், பாலைத் திரட்டித் தயிராக்கும் கேசீன் என்னும் புரதமே அந்த வேலையைச் செய்வதாகக் கண்டனர். ஆனால் பச்சைப் பால் உதவாது. அதில் விந்தணுவைக் கொல்லும் லாக்டெனின் என்னும் மற்றொரு புரதம் உண்டென்றும், பாலைத் தக்கபடி சூடாக்கினால் அதன் தீமை ஒழியுமென்றும் 1954-லேயே பென்சில்வேனியாவில் அறியப்பட்டது.

ஆகவே மஞ்சட்கருவைச் சேர்ப்பது பாலில் நீர் சேர்ப்பதற்கு ஒப்பாகாது. உறைவிந்துக் குழல் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 2 கோடி விந்தணுக்கள் இருக்கும்படி அளந்தே அடைக்கின்றனர். கலவாமல் வைத்த விந்துவில் இதைவிடப் பல மடங்கு அணுக்கள் இருப்பினும், அவை சில மணி நேரத்தில் பயனற்றுப் போகும். விந்து சேகரிக்கும் நிலையங்களில் எடுத்தவுடன் தாமதமின்றி, அதே சூட்டிலுள்ள கரைசலில் கலந்துவிட வேண்டும் என்று வற்புறுத்துவதன் காரணமும் இதுவே.

வெள்ளாட்டில் இம்முறை செல்லாது

மாட்டிற்கு மருந்தானது ஆட்டிற்கு நஞ்சாவதுண்டு. வெள்ளாட்டுக் கிடாவின் கௌப்பர் சுரப்பி விடும் நீரில், மஞ்சட்கருவைத் திரளச் செய்யும் ஒரு நொதிப் புரதம் இருப்பதை ராய் என்பவர் 1957-இல் வெளியிட்டார். அது மஞ்சட்கருவின் லெசித்தினைச் சிதைக்க, அதிலிருந்து பிறக்கும் பொருள் விந்தணுவின் படலத்தை அரித்துக் கொல்லும். பாலைச் சேர்த்தாலோ, அதே சுரப்பியின் வேறொரு புரதம் பாற்கொழுப்பைச் சிதைத்துத் தீங்கு செய்கின்றது. ஆதலால் வெள்ளாட்டு விந்துவை முதலில் சுழற்றிக் கழுவி நீரை அகற்றுவர். அல்லது மஞ்சட்கருவை மாட்டு விந்துவுக்குச் சேர்ப்பதுபோல் 100-க்கு 20 பங்கு சேர்க்காமல் 2 பங்கு அளவில் நிறுத்துவர். மாட்டு விந்துவுக்காக ஆயத்தம் செய்த கரைசலைக் கிடாவுக்கும் பயன்படுத்திப் பார்த்து, வெள்ளாட்டில் செயற்கை முறை பலிக்காது என்று கைவிடுதல் சரியன்று.

காளையைத் தேர்தல்

புரதங்களை அளந்து காளையின் தகுதியை முன்கூட்டியே சொல்லலாகாதா என்ற முயற்சியும் நடந்திருக்கின்றது. பென்சில்வேனியாவில் கில்லியன் என்பவர் கூட்டத்தார் 1993-இல் ஹோல்ஸ்டீன் காளைகளின் விந்துநீரைப் பிரித்துப் பார்த்தனர். மிகுதியாகச் சினை பிடிக்கச் செய்த காளைகளில் இரண்டு புரதங்கள் ஓங்கியிருந்தன. தாழ்ந்தவற்றில் வேறு இரண்டு ஓங்கியிருந்தன. ஓங்கிய இரண்டில் ஒன்று எலும்பிலும் காணப்படும் ஆஸ்டியோபான்டின் என்பது பின்னர்த் தெரிந்தது. எலும்புப் புரதத்திற்கு விந்துவில் என்ன வேலை என்று வியக்கத் தோன்றும். ஒரே பொருளை உடல் பல இடங்களில் பல வேலைக்கு வைத்துக்கொள்கின்றது. ஆயினும் ஒரு புரதத்தின் அளவை மட்டும் கொண்டு காளையைக் கொள்வதோ தள்ளுவதோ பொருந்தாது. சினை பிடித்தலில் பசுவின் நிலை, தீனி, பருவம் கண்டறியும் திறமை, ஊசி போடுபவரின் கைத்தேர்ச்சி ஆகிய அனைத்தும் கலந்திருக்கின்றன.

கிராமத்தில் பொலிகாளை வைத்திருப்பவர்க்குப் புரதச் சோதனை எட்டாத பொருள். அவர்க்கு எட்டுவது ஒரு குறிப்பேடு. காளை சேர்ந்த நாள், பசுவின் உடையவர் பெயர், மூன்று வாரத்தில் அது மீண்டும் கத்தியதா என்பது, காளைக்குக் காய்ச்சல் கண்ட நாள், கோடையில் வெயிலில் உழைத்த நாட்கள் ஆகியவற்றை எழுதி வைத்தல் வேண்டும். தொடர்ந்து பல பசுக்கள் திரும்பக் கத்துமாயின், கால்நடை மருத்துவரிடம் விந்துவைச் சோதிக்கச் செய்து, குறை காணப்பட்டால் காளைக்கு நிழலும் ஓய்வும் அளித்து, 70 நாட்களுக்குக் குறையாமல் பொறுத்து, மறுமுறை சோதிக்கச் செய்ய வேண்டும். அவ்விரண்டாம் சோதனையும் தவறிய பின்னரே காளையை விலக்குவதைப் பற்றி யோசிக்கலாம். அதுவரையில் ஊரிலுள்ள பசுக்கள் வெறுமனே நில்லாதபடி சினை ஊசிக்கு ஏற்பாடு செய்துகொள்ளலாம்.